ரயில்காரரின் கடிகாரம்

அமெரிக்க ரயில்காரர் ஒருவரின் நினைவாக வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பாக்கெட் கடிகாரம். ஒஹையோவின் கிப்டனில் 1891இல் இரு ரயில்கள் மோதின. ஒரு டிரைவரின் கடிகாரம் 4 நிமிடம் நின்று மீண்டும் ஓடியதே காரணம் என்பார்கள். அதன்பின் ரயில் கடிகாரங்களுக்கான விதிகள் இறுகின: குறைந்தது 17 ஜுவல் (தாங்கு கற்கள்), வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது. வெள்ளை முகப்பு, தடித்த கறுப்பு எண்கள்.

அழகெல்லாம் முள் திருப்பும் முறையில்தான். சாவி கொடுக்கும் திருகை இழுத்தால் நேரம் மாறாது. கண்ணாடி வளையத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் சிறு நெம்புகோலை இழுக்க வேண்டும். கைதவறுதலுக்கு இடமே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஹாமில்டன் கடிகார நிறுவனம் இதே வகை இயந்திரத்துக்கு 24 மணி முகப்பு பொருத்தி விமான வழிகாட்டிகளுக்குக் கொடுத்தது. ஹாமில்டன் 1969இல் ரயில் கடிகாரத் தயாரிப்பை நிறுத்தியது.