வழுக்காத துளைக்கு நான்கு கருவிகள்

டிரில்லிங் மிஷின் இல்லாத வீடு இப்போது குறைவு. திரைச்சீலைக் கம்பி மாட்டவும், குளியலறையில் கண்ணாடி தொங்கவிடவும், கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்கவும் ஆள் தேடாமல் நாமே இறங்கிவிடுகிறோம். மிஷின் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் பென்சிலால் போட்ட பெருக்கல் குறியில் பிட்டை வைத்து ஸ்விட்சை அழுத்தியதும் முனை நழுவுகிறது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போய் அங்கே துளைக்கத் தொடங்குகிறது. விளைவு: அலமாரிக் கதவின் கீல் சாய்ந்து நிற்கும், நான்கு துளைகளில் மூன்றில் மட்டும் போல்ட் இறங்கும், புது டைல்ஸில் வளைவாக ஒரு கீறல் விழும். கை நடுங்கியதுதான் காரணம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை கையில் இல்லை, பிட்டின் முனையிலேயே இருக்கிறது.

அந்தக் குறையைச் சரிக்கட்ட விற்கப்படும் நான்கு கருவிகளை வாங்கி, இரும்புப் பட்டை, எஸ்.எஸ். குழாய், தேக்குச் சட்டம், பிளைவுட், டைல்ஸ் எனப் பல பொருள்களில் வைத்துப் பார்த்தேன். தானியங்கி சென்டர் பஞ்ச், அடியில் 'வி' பள்ளம் உள்ள எஃகுக் கட்டை, இரண்டு கம்பிகளில் ஏறி இறங்கும் ஸ்டாண்டு, டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் தகடு ஆகியவை அந்த நான்கு. ஒரே அமைப்பு பல பெயர்களில் கிடைப்பதால், கம்பெனிப் பெயரை விட்டு வகையை வைத்தே எழுதுகிறேன்.

முனை ஏன் நழுவுகிறது?

6 மி.மீ. பிட் ஒன்றை வெளிச்சத்தில் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு வெட்டு விளிம்புகளும் சேரும் இடத்தில் கூர்மையான புள்ளி இருக்காது; குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோடு உலோகத்தைச் சீவுவதில்லை, அழுத்தித் தேய்த்து இருபக்கமும் ஒதுக்குகிறது. நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே செலவாகிறது. பக்கத்து விளிம்புகள் பொருளுக்குள் இறங்கும்வரை பிட்டைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. அதனால் அது ஆடிக்கொண்டே நகர்கிறது. இந்தத் திருகு வடிவத்துக்கு அமெரிக்காவின் ஸ்டீஃபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை வடிவம் இன்றும் அதுவேதான். நழுவும் குணமும் அதோடு தொடர்கிறது.

சாதாரணமாகக் கிடைப்பது 118 டிகிரி முனை. 135 டிகிரியில் தீட்டி, நடுக்கோட்டையும் பிளந்துவிட்ட 'ஸ்பிளிட் பாயின்ட்' பிட்டில் நடுப்பகுதியும் வெட்டும் என்பதால் நழுவல் வெகுவாகக் குறையும். மரத்துக்கென்றே நடுவில் கூர்முள் வைத்த பிட்டும் உண்டு. கருவி வாங்கும் முன் பிட்டை மாற்றிப் பாருங்கள். சில வேலைகள் அதிலேயே முடிந்துவிடும்.

சாய்வு என்பது தனிப் பிரச்சினை. பிட் ஒரு டிகிரி சாய்ந்து இறங்கினால், 18 மி.மீ. பிளைவுட்டின் மறுபக்கத்தில் 0.3 மி.மீ. மட்டுமே விலகும். அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. 100 மி.மீ. கட்டையில் அதே சாய்வு 1.75 மி.மீ. ஆகிவிடும், நீள போல்ட் மறுபக்கம் போய்ச் சேராது. இடம் தவறுவது வேறு, சாய்வது வேறு. எந்தக் கருவி எதைத் தடுக்கிறது என்று தெரிந்து வாங்கினால்தான் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

தானியங்கி சென்டர் பஞ்ச்

நான்கிலும் சிறியது இதுதான். பேனா அளவு பித்தளை அல்லது எஃகு உருளை, உள்ளே ஸ்பிரிங். குறியில் முனையை நிறுத்தி மேலிருந்து அழுத்தினால், ஸ்பிரிங் இறுகி ஒரு கட்டத்தில் 'டக்' என்று விடுபட்டு உள்ளிருக்கும் சிறு சுத்தியலால் முனையை அடிக்கிறது. சுத்தியல் தனியாக வேண்டாம். ஒரு கை போதும். இன்னொரு கையால் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளலாம். தலையைத் திருகினால் அடியின் வேகம் கூடும், குறையும்.

இரும்புப் பட்டையில் ஓர் அடியிலேயே தெளிவான குழி விழுந்தது. எஸ்.எஸ்.ஸில் அதே இடத்தில் மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது. குழி பிட்டின் நடுக்கோட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே சூட்சுமம். குழி சிறிதானால் நடுக்கோடு அதன் விளிம்பில் ஏறி நின்று வழுக்கிவிடும். 10 மி.மீ. துளை வேண்டுமென்றால் முதலில் 3 மி.மீ. பிட்டால் வழி செய்துகொண்டு பிறகு பெரிய பிட்டுக்குப் போவதே நல்லது.

மெல்லிய தகட்டின் பின்னால் மரக்கட்டை கொடுக்காமல் அடித்தால் தகடு பள்ளமாகும். டைல்ஸிலும் கண்ணாடியிலும் இதை வைக்கவே கூடாது. ஆபத்து நேரத்தில் காரின் பக்கக் கண்ணாடியை உடைக்கப் பயன்படும் கருவிகளில் ஒருவகை இதே ஸ்பிரிங் அமைப்பில்தான் இயங்குகிறது. மேலும், பஞ்ச் இடத்தைத்தான் காக்கும், சாய்வைத் தடுக்காது.

'வி' பள்ளக் கட்டை

தொழிற்சாலைகளில் ஒரே பொருளில் ஆயிரக்கணக்கான துளைகள் போட ஜிக் வைத்திருப்பார்கள். அதில் கடினப்படுத்திய எஃகு புஷ் ஒன்று பிட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிட் விலக இடமே இருக்காது. அந்த புஷ்ஷின் எளிய வடிவம்தான் இந்தக் கட்டை. 3 முதல் 10 மி.மீ. வரை வரிசையாகத் துளைகள், அடியில் நீளவாக்கில் 'வி' பள்ளம். தட்டையான பரப்பில் அப்படியே உட்காரும். குழாயில் வைத்தால் பள்ளம் தானாகவே நடுக்கோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பழைய அரம் ஒன்றை எடுத்துக் கட்டையின் மூலையில் இழுத்துப் பாருங்கள். கடினப்படுத்திய எஃகென்றால் அரம் வழுக்கிப் போகும். சீவிக்கொண்டு வந்தால் அது மென்மையான இரும்பு. பிட்டின் விளிம்பு உரசி உரசித் துளைகள் சீக்கிரமே அகன்றுவிடும். அகன்றால் என்ன ஆகும் என்பதற்குச் சின்னக் கணக்கு: 25 மி.மீ. உயரக் கட்டையில் பிட்டுக்கும் துளைக்கும் இடையே 0.2 மி.மீ. இடைவெளி இருந்தால், பிட் ஏறக்குறைய அரை டிகிரி சாயலாம். வெறுங்கையால் துளைப்பதோடு ஒப்பிட்டால் அதுவும் நல்ல துல்லியம்தான். இடைவெளி கூடக்கூட அந்த லாபம் கரைந்துவிடும்.

எஸ்.எஸ். குழாயில் இதன் அருமை தெரிந்தது. வளைந்த வழவழப்பான பரப்பில் வெறும் பிட் நிற்கவே நிற்காது. கட்டையை வைத்ததும் நேராக இறங்கியது. குறுக்கே இரு சுவரையும் தாண்டிய துளையில் கம்பியை விட்டுப் பார்த்தேன், தட்டுப்படாமல் போனது. மரச்சட்டத்தின் விளிம்பிலும் இதே பலன்.

இதில் இருக்கும் சிக்கல், கட்டை நம் குறியை மறைத்துவிடுவது. அதற்கு வழி இருக்கிறது. முதலில் பஞ்சால் குழி அடித்துக்கொள்ளுங்கள். பிட்டை மிஷினில் மாட்டாமல் கையாலேயே கட்டையின் துளைக்குள் விட்டு, முனை குழியைத் தேடும்படி கட்டையை மெல்ல நகர்த்துங்கள். முனை குழியில் விழுவது விரலுக்குத் தெரியும். அந்த நிலையில் ஜி கிளாம்பால் கட்டையை இறுக்கிவிட்டுப் பிறகு மிஷினைப் பூட்டுங்கள். பஞ்ச் இடத்தைத் தருகிறது, கட்டை நேரைத் தருகிறது. இரண்டும் சேரும்போது கிடைக்கும் துளைக்குப் பட்டறைத் துளையோடு போட்டிபோடும் தகுதி உண்டு.

மற்றொரு குறை பிட்டின் நீளம். வழக்கமான 3 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 61 மி.மீ. சக்குக்குள் 20, கட்டைக்குள் 25 போனால் மிஞ்சுவது 16 மி.மீ. மட்டுமே. 93 மி.மீ. நீளமுள்ள 6 மி.மீ. பிட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆழமான துளைக்குக் கட்டையை வைத்துத் தொடங்கி, ஓரளவு இறங்கியதும் எடுத்துவிடலாம். அதற்குள் துளையே வழிகாட்டியாகிவிடும். இரும்புச் சுருள் கட்டைக்குள் அடைத்துக்கொள்ளும் என்பதால் பிட்டை அடிக்கடி மேலே எடுத்துத் தட்டுங்கள். சுவர் துளைக்கும் கார்பைடு பிட்டை இதில் விடாதீர்கள். அதன் முனை தண்டைவிட அகலம். கட்டைத் துளையையும் கெடுக்கும், வழியும் காட்டாது.

இரண்டு கம்பி ஸ்டாண்டு

தட்டையான அடித்தளம், அதில் நிற்கும் இரண்டு கம்பிகள், அவற்றில் ஏறி இறங்கும் சக். நம் மிஷினை அந்தச் சக்கின் மேல்தண்டில் பூட்ட வேண்டும். பெஞ்ச் டிரில்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாத இடத்துக்கு அதன் வேலையைக் கொண்டுபோவதுதான் நோக்கம். பல மாடல்களில் கம்பிகளைச் சாய்த்து 45 டிகிரி வரை கோணத் துளையும் போடலாம். ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வளையமும் உண்டு.

தேக்கிலும் பிளைவுட்டிலும் சிறப்பாக வேலை செய்தது. கப் கீலுக்கான 35 மி.மீ. குழியை ஒரே ஆழத்தில், அடி சமமாக எடுக்க முடிந்தது. கைமிஷினில் இது எளிதில் வராது. மரவேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

இரும்பில் அந்த நம்பிக்கை வரவில்லை. நான் பார்த்த மாடலில் அடித்தளம் பிளாஸ்டிக். அழுத்தம் கூடும்போது கம்பிகள் லேசாக நெளிந்தன. மிஷினின் சக், ஸ்டாண்டின் சக் என இரண்டு இணைப்புகள் இருப்பதால் இரண்டின் ஆட்டமும் பிட்டின் முனையில் வந்து சேர்கிறது. கடையிலேயே ஒரு நேரான பிட்டை மாட்டி, மூலைமட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹேமர் மோடில் இதை ஓட்டக் கூடாது.

டைல்ஸுக்கு ரப்பர் தகடு

இப்போதைய வீடுகளில் மிகுதியாகப் பதிக்கப்படும் விட்ரிஃபைடு டைல்ஸ், எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாத அளவுக்கு இறுகியது. அதைத் துளைக்க வைரத் துகள் பதித்த வளைய பிட்தான் சரி. வளையம் என்பதால் அதற்கு நடு முனையே கிடையாது. நழுவாமல் தொடங்குவது மற்ற எந்த பிட்டையும்விட இதில் கடினம்.

துளைகள் உள்ள தகட்டை ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டவைத்து, பிட்டை அந்தத் துளைக்குள் நிறுத்தித் தொடங்குகிறோம். பளபளப்பான டைல்ஸில் தகடு உறுதியாக நின்றது. பிட் வட்டமாக அடையாளம் பதித்ததும் தகட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே மெதுவான வேகத்தில் முடித்தேன். விளிம்பில் சில்லு தெறிக்கவில்லை. சொரசொரப்பான தரை டைல்ஸில் உறிஞ்சி காற்றை இழுத்துக் கழன்றுவிடுகிறது. இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் வைத்தாலும் அதே கதி.

இங்கே தச்சர்கள் செய்யும் வழி இன்னும் நம்பகமானது. பிளைவுட் துண்டில் அதே பிட்டால் ஒரு துளை போட்டு, இருபக்க டேப்பால் டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். செலவே இல்லாமல் அதே வேலை நடக்கும். துளை டைல்ஸைத் தாண்டும்வரை ஹேமர் மோடை அணைத்தே வையுங்கள்.

எந்தக் கருவியும் செய்யாதவை

வேகத்தை எந்த வழிகாட்டியும் குறைத்துத் தராது. எச்.எஸ்.எஸ். 6 மி.மீ. பிட்டுக்குச் சாதாரண இரும்பில் சுமார் 1,300 ஆர்.பி.எம்., எஸ்.எஸ்.ஸில் சுமார் 600 போதும். வீட்டு மிஷின்கள் முழு வேகத்தில் 2,500ஐத் தாண்டும். அந்த வேகத்தில் எஸ்.எஸ்.ஸைத் தொட்டால் பிட் தேய்க்குமே தவிர வெட்டாது. தேய்த்த இடம் மேலும் கடினமாகி அடுத்த பிட்டையும் மழுக்கும். ஒரு சொட்டு எண்ணெய், குறைந்த வேகம், விடாத அழுத்தம் இருந்தால் சுருள் தானாக வரும்.

பொருளையும் கட்டையையும் சேர்த்து இறுக்காவிட்டால் பயனில்லை. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் கொக்கிபோட்டுத் தகட்டைச் சுழற்றிவிடும். கையில் பிடித்த தகடு விரலை வெட்டும். கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் பிட் அதைச் சுருட்டி இழுத்துவிடும்.

யார் எதை வாங்கலாம்?

வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் தானியங்கி சென்டர் பஞ்ச். சில நூறு ரூபாயில் முடியும் செலவு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இரும்புக் கேட், குழாய், கைப்பிடி என்று உலோக வேலை செய்பவர்கள் அதோடு அரம் வழுக்கும் 'வி' கட்டையையும் ஒரு ஜி கிளாம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும்தான் என் முதல் தேர்வு. மரவேலைக்காரர்களுக்கு ஸ்டாண்டு, அதுவும் உலோக அடித்தளம் உள்ளதாக. ரப்பர் தகட்டைப் பளபளப்பான டைல்ஸில் அடிக்கடி வேலை உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்குப் பிளைவுட் துண்டு போதும்.

துளையின் துல்லியம் முதல் சில சுற்றுகளிலேயே முடிவாகிவிடுகிறது. விலை உயர்ந்த மிஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை அந்தச் சில சுற்றுகளுக்குச் செலவிடுங்கள். இருக்கிற மிஷினே இரு மடங்கு நல்ல வேலை செய்யும்.