காயமா, வெறுமையா? – திரைக் கொலைஞர்களும் இரங்காத உள்ளமும்

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978இல் வெளிவந்தது. செல்வமும் கவர்ச்சியும் நிறைந்த ஒருவன் பெண்களைக் கொல்கிறான். அநாதையாய் வளர்ந்தவன், இளமையில் பெண்களால் நேர்ந்த கசப்பே அவனை இவ்வாறு ஆக்கியது என்று படம் காரணம் காட்டுகிறது. முடிவில் அவன் சித்தம் கலங்கிச் சிறையில் கிடக்கிறான். மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020) செல்வதும் அதே வழியில்தான். பள்ளிப் பருவக் கொடுமையே அங்கும் கொலைஞனை உருவாக்குகிறது. இரண்டும் திறன்மிக்க படங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘சைக்கோ’ என்னும் சொல்லுக்கு இவை மக்கள் மனத்தில் பதித்துவிட்ட பொருள் பிழையானது என்பதே நமது கருத்து.

இப்படங்களின் நாயகர்கள் உணர்ச்சி மிகுந்து வெடிப்பவர்கள். சைக்கோபாத், சோசியோபாத் என்று குறிக்கப்படும் இயல்பினரிடமோ சில உணர்ச்சிகள் மெலிந்திருக்கின்றன. கோபம், இன்பம், சலிப்பு யாவும் அவர்களுக்கு உண்டு. அச்சமும், குற்றவுணர்வும், பிறர் துயரில் நெகிழ்தலுமே குன்றியிருக்கும். வெளியே இனிமையும் தெளிவும் கொண்ட இத்தகையோரை அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இலேயே விரிவாக எழுதினார். இவர்கள் அனைவரும் கொலைஞர்கள் அல்லர் என்பதும் கருதத்தக்கது.

பிறர் உள்ளத்தை இவர்கள் அறியவே மாட்டார்கள் என்பதும் சரியன்று. அறிவர், அதில் பங்கு கொள்வதில்லை. நம் வகுப்பறையிலிருந்து ஓர் உவமை கூறலாம். கன்ஸா தம் சகோதரர் ஸக்ரை இழந்து பாடிய இரங்கற்பாக்களைக் கற்பிக்கும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் பிழையின்றி இஃராப் சொல்லும் மாணவர் இருப்பார். அக்கவிதையின் கண்ணீர் அவரைத் தொட்டிராது. மாணவருக்கு அது ஒரு பாடவேளையின் குறை. இவர்களுக்கோ மனித உறவு முழுவதுமே இலக்கணமாக மட்டும் தெரிந்த மொழி.

அடையாற்றை அடுத்த திருவான்மியூரில் 1988–89இல் நடந்த கொலைகளைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கருக்கு 1991இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1995இல் சேலம் சிறையில் அது நிறைவேறியது. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது பற்றிய வழக்கில், வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆனால் திரைக்கதைக்கும் இவ்வழக்குக்கும் உள்ள வேறுபாடு கண்கூடு. திரையில் கொலைஞன் பித்தனாகிறான். இங்கோ குற்றவாளி சித்தத் தெளிவுடையவராகவே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். செயலின் தன்மையை அறிய இயலாத அளவு சித்தம் பிறழ்ந்தவருக்கே நம் சட்டம் விலக்கு அளிக்கிறது; நெஞ்சம் இரங்காமைக்கு அன்று.

ஃபிக்ஹின் நிலைப்பாடும் இதுவே. தக்லீஃபுக்கு, அதாவது பொறுப்புச் சுமத்தலுக்கு, அடிப்படை அக்ல் எனும் பகுத்தறிவாகும். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உள்ளத்தின் நோய்களாகக் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றை ஆராய்ந்தார். நான்குமே மிகுதியால் வருபவை. உணர்வின் வறட்சியை நம் முன்னோர் பேசியது வேறோர் இடத்தில்: ‘கஸ்வதுல் கல்பு’ என்னும் உள்ளக் கடினமாக, மனிதன் பொறுப்பேற்க வேண்டிய நிலையாக.

2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று இங்கு நினைவுகூரத் தக்கது. பிறர் வேதனையைக் காட்டும் காட்சிகளை இயல்பாகப் பார்க்கையில் இவ்வியல்புடைய குற்றவாளிகளின் மூளை குறைவாகவே எதிர்வினை காட்டியது. அவ்வேதனையை உணர முயலுங்கள் என்று கூறியபோது, மற்றவர்களுக்கும் அவர்களுக்குமிடையே இருந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது. அல்பகரா அத்தியாயத்தின் 74ஆம் வசனம் உள்ளங்களைக் கல்லோடு ஒப்பிட்டு, நீர் சுரக்கும் கற்களும் உண்டென நினைவூட்டுகிறது. ஆய்வை வசனத்தின்மேல் ஏற்றுவது நம் நோக்கமன்று; முயற்சிக்கு இடமுண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. காயம்பட்ட சிறுவன் கொலைஞனாவான் என்று திரை திரும்பத் திரும்பச் சொல்லும்போது பழி யார்மேல் விழுகிறது? அடிபட்டும் அன்போடு வளர்ந்த எண்ணற்ற எத்தீம்கள் மேல்தான். சிரித்துப் பேசி, நம் துயரைத் துல்லியமாக அறிந்து, அதையே நமக்கெதிராகப் பயன்படுத்துபவரோ யாருடைய ஐயத்துக்கும் ஆளாகாமல் நடமாடுகிறார்.