குறையற்ற நாட்டில் ஒரு மரணம்

குறையற்ற சமூகத்தைக் கனவு காண்பவர் கடைசியில் சிறைச்சாலையைத்தான் கட்டுவார். துயரம் இல்லாத இடத்தில் மனிதன் இல்லை. எனவே மகிழ்ச்சியைத் தேடுபவர் உலகைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டுத் தன் அகத்தைப் பார்க்கட்டும். நம் இலக்கியக் கூட்டங்களில் இந்தக் கருத்து இன்று விவாதமே தேவைப்படாத தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. ஸம்யாத்தினின் 'நாம்', ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்டு', ஆர்வெலின் '1984' ஆகிய மூன்று நாவல்களும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. இந்தத் தீர்ப்பு தவறு. அழைக்கப்பட்ட சாட்சிகளே வேறு கதை சொல்கிறார்கள்.

பழைய கனவுகளை விரைவாகக் கடந்துவிடலாம். பிளேட்டோவின் நகரத்திலிருந்து தாமஸ் மோரின் 1516-ஆம் ஆண்டுத் தீவு வரையிலும், சிறையில் இருந்தபடி கம்பனெல்லா கட்டிய சூரிய நகரம் வரையிலும், கேள்வி ஒன்றுதான்: நாட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது? அந்த ஒழுங்கில் வாழும் மனிதர் இரவில் படுக்கும்போது என்ன நினைப்பார் என்று அவர்கள் கேட்கவில்லை. கம்பர் கேட்டார். அவருடைய கோசலத்தில் வறுமை இல்லாததால் கொடைக்கு வேலை இல்லை. பொய் இல்லாததால் உண்மை தனியாகத் தெரிவதில்லை. நல்லறங்கள் பல குறைகளைச் சார்ந்தே நிற்கின்றன என்பதைக் கண்டுகொண்ட கவி, அதற்காக வறுமை திரும்பி வரட்டும் என்று ஏங்கவில்லை. அதே குறையற்ற நாட்டின் அரியணையில் பிள்ளையில்லாத தசரதன் மனம் நொந்து அமர்ந்திருக்கிறான். நாடு நிறைந்திருக்கிறது, மன்னனுக்குத் துயரம் இருக்கிறது. இவற்றில் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. நம் விமர்சகர்கள் இந்த இடத்தில் சற்று நின்றிருந்தால் பின்னால் வந்த குழப்பத்தில் பாதி நேர்ந்திருக்காது.

குழப்பம் ரஷ்யாவில் தொடங்குகிறது. 1863-இல் செர்னிஷெவ்ஸ்கி சிறையிலிருந்தபடியே 'என்ன செய்ய வேண்டும்?' நாவலில் ஒரு பளிங்கு மாளிகையைக் கனவாக எழுப்பினார். மறு ஆண்டே தஸ்தயெவ்ஸ்கியின் நிலவறை மனிதன் அதைப் பார்த்து நாக்கை நீட்டினான். கணக்குப் போட்டுக் கொடுக்கப்படும் இன்பத்தை மறுக்கும் உரிமையே அவனுக்கு உயிர். மகத்தான எதிர்க்குரல் அது. ஆனால் அது கூலி உழைப்பாளியின் குரல் அல்ல. சிறு சொத்து ஒன்று வந்ததும் வேலையை விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்த முன்னாள் அரசு ஊழியனின் குரல். துன்பத்தைப் புகழும் இலக்கியத்தைப் படிக்கையில் பேசுவது யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த மூன்று நாவல்கள். ஸம்யாத்தின் கப்பல் கட்டும் பொறியாளர். 1916, 1917-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். ஊர் திரும்பி எழுதிய 'நாம்' நாவலில் குடிமக்களுக்குப் பெயர் இல்லை, எண்கள்தாம். எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது நடப்பது எல்லாமே மணி அட்டவணைப்படி. அந்த அரசு முன்னோர்களில் தலைசிறந்தவராகக் கொண்டாடுவது மார்க்ஸை அல்ல. தொழிலாளியின் கையசைவை நொடிக்கணக்கில் அளந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லரை. 1932-இல் வந்த ஹக்ஸ்லியின் நாவலிலோ தெய்வம் ஃபோர்டு. அவருடைய மாடல் டி கார் வெளிவந்த ஆண்டிலிருந்துதான் அங்கே ஆண்டுக் கணக்கே தொடங்குகிறது. இவ்விரு நூல்களும் நம்மை அச்சுறுத்துவது தொழிற்சாலையைக் காட்டி. சமத்துவக் கனவு அளவு மீறினால் இப்படித்தான் முடியும் என்று இவற்றை வாசிப்பது, திருடனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவரைப் பிடிப்பதாகும்.

ஹக்ஸ்லியின் உலகத்தைத் தமிழர்கள் 'குறையற்ற சமூகம்' என்று அழைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அங்கே மனிதர்கள் ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து அடுக்குகளாகப் பிறப்பிக்கப்படுகிறார்கள். கீழடுக்குக் கருவுக்குக் குப்பியிலேயே பிராணவாயு குறைக்கப்படுகிறது. அவரவர் அடுக்கை அவரவர் நேசிக்கும்படி உறக்கத்தில் பாடம் ஓதப்படுகிறது. பிறப்பால் வரும் படிநிலை, அதை மகிழ்ச்சியோடு ஏற்கப் பழக்கும் கல்வி, கீழே உள்ளவரின் உழைப்பில் மேலே உள்ளவரின் ஓய்வு. இது என்ன என்பதை வேறெந்த மொழி வாசகருக்கும் முன்பாக நாம் அடையாளம் கண்டிருக்க வேண்டும். இது சாதி. அந்த நாவல் மறுப்பது சாதி தரும் மனநிறைவை; அதை நீதியின் மறுப்பாகக் கொள்ள வழியில்லை. '1984'-க்கு இந்தப் பேச்சில் இடமே கிடையாது. ஆர்வெலின் ஓஷியானியா யாருக்கும் மகிழ்ச்சியை வாக்களிக்கவில்லை. அதிகாரம் அதிகாரத்துக்காகவே என்று ஆளும் கட்சியின் ஆளான ஓ'பிரையன் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான்.

அதே குப்பியைப் பெரியார் எப்படிப் பார்த்தார் என்பதையும் இங்கே வைக்க வேண்டும். 1940-களில் வெளிவந்த 'இனிவரும் உலகம்' சிறுநூலில் உடலுறவு இன்றியே பிள்ளைப்பேறு நிகழும் காலத்தை அவர் முன்கூட்டிச் சொன்னார். ஹக்ஸ்லி அருவருத்த அதே காட்சியில் பெரியார் பெண்ணின் விடுதலையைக் கண்டார். உடைமையும் பணமும் மறைந்து, உழைக்கும் நேரம் சுருங்கி, தொலைத்தொடர்புக் கருவி மனிதரோடு உடன் நடக்கும் உலகம் அது. கருவியை அஞ்சுவதற்கு முன் அது யார் கையில், யாருடைய சுமையை இறக்க என்று கேட்கும் அந்தத் தெளிவு ஐரோப்பியப் பேரிருள் நாவல்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் மகிழ்ச்சி பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. அதைத் தமிழில் நேராக எதிர்கொண்டவர் பாரதி. அவருடைய 'ஞானரதம்' போதிய கவனம் பெறாத படைப்பு. கவலையே இல்லாத இடம் வேண்டும் என்று கிளம்பும் கதைசொல்லி முதலில் உபசாந்தி லோகத்தின் வாயிலை அடைகிறான். அங்கே துக்கம் இல்லை. ஆனால் மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மனம் நடுங்குகிறது, அவனால் அதைக் கைவிட முடியவில்லை, திரும்பிவிடுகிறான். ஸம்யாத்தினின் அரசு குடிமக்களின் கற்பனையை அறுவை செய்து அகற்றுவதற்குப் பத்தாண்டு முன்னரே எழுதப்பட்ட காட்சி இது. மனத்தைக் கொன்று பெறும் அமைதியை மறுத்த இந்தப் பாரதியேதான் ஒருவர்கூடப் பசித்திருக்கக் கூடாது என்று சீறியவரும். பசியை ஒழிப்பதும் மனத்தை ஒழிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. இன்றைய தீர்ப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்தே தள்ளுகிறது.

பாரதியின் இந்தப் பகுத்தறிவைப் பகிர்ந்துகொள்ளும் படைப்புகளின் வரிசை ஒன்று உண்டு. பேரிருள் நாவல்களின் புகழில் அது மறைந்து கிடக்கிறது. வில்லியம் மாரிஸின் 1890-ஆம் ஆண்டு நூலில் பணமும் சிறையும் இல்லாத இங்கிலாந்து வருகிறது. தேம்ஸ் கரையில் வைக்கோல் அறுவடை நடக்கிறது. அந்த இனிமையின் நடுவே, காதல் பொறாமையால் ஒருவன் தாக்க வந்து, தாக்கப்பட்டவன் கையால் சாகிறான். தண்டிக்க ஆளில்லை. உயிரோடு இருப்பவனை அவனுடைய குற்றவுணர்விலிருந்து எப்படி மீட்பது என்பதே ஊரின் கவலை. 1905-இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' இதே வரிசையில் வரும் துணிச்சல்காரி. அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆய்வகத்தில். சூரிய வெப்பத்தில் சமையல்.

வரிசையின் உச்சம் 1962. ஹக்ஸ்லியின் கடைசி நாவலான 'ஐலண்ட்' அந்த ஆண்டு வந்தது. தன் பழைய நாவலில் பித்துப்பிடித்த நாகரிகம், பித்துப்பிடித்த பழமை என்ற இரண்டே வழிகளை வைத்தது பெரும் குறை என்று 1946-இலேயே அதன் முன்னுரையில் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாவது வழிதான் பாலா என்ற கற்பனைத் தீவு. 1961-இல் அவருடைய லாஸ் ஏஞ்சல்ஸ் வீடு தீப்பிடித்து எரிந்தபோது நூலகம் அழிந்தது. காப்பாற்றிய சிலவற்றுள் இந்தக் கையெழுத்துப் படியும் ஒன்று. நாவலில் பேச்சு அதிகம், சில அத்தியாயங்கள் சொற்பொழிவாகவே நீள்கின்றன. அதைக் காட்டி விமர்சகர்கள் நூலையே ஒதுக்கியது அநியாயம்.

பாலாவில் ஒரு குழந்தைக்குச் சராசரியாகச் சுமார் இருபது வீடுகள் உண்டு. பெற்றோரோடு மனம் ஒட்டாத நாளில் அடுத்த வீட்டுக்கு உரிமையோடு போகலாம். ஆனால் கதையை நடத்திச் செல்லும் சுசீலா, மலையேறும்போது கணவனைப் பறிகொடுத்தவள். அவளுடைய மாமியார் லட்சுமி புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கிறாள். கணவர் பக்கத்தில் இருக்கிறார், மருமகள் மெல்லப் பேசி வழியனுப்புகிறாள், வெளியாளான வில் ஃபார்னபி பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தன் அத்தை மேரி நினைவுக்கு வருகிறாள். அதே நோய்தான். ஆனால் அவள் சிதைந்து, கசந்து, யாரையும் அண்டவிடாமல் செத்தாள். நோயை எந்தச் சமூகமும் முழுதாக நீக்கிவிட முடியாது, சாவை நீக்கவே முடியாது. ஆனால் சாகிறவர் தனித்து, அவமானப்பட்டுச் சாகாதபடி பார்த்துக்கொள்ள முடியும். சமூகத்திடம் மகிழ்ச்சியைக் கேட்பது தவறான கேள்வி. இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். இறுதியில் எண்ணெய்க்காக அண்டை நாட்டின் கவச வண்டிகள் பாலாவுக்குள் நுழைகின்றன. அந்தச் சமூகம் தன் கனவின் கனத்தால் விழவில்லை, பேராசை கொண்ட அண்டைவீட்டாரால் விழுகிறது.

லெ குவினின் 1974-ஆம் ஆண்டு நாவல் 'தி டிஸ்பொஸஸ்ட்' இன்னும் கடுமையானது. அனாரஸ் நிலவில் அரசும் இல்லை, சொத்தும் இல்லை; வறட்சி உண்டு. இயற்பியலாளனான ஷெவெக்கும் அவன் துணைவி டாக்வெரும் ஆண்டுக்கணக்கில் பிரிந்து கிடக்கிறார்கள். நாடகம் எழுதிய டிரின் ஊராரின் ஏளனத்தில் மனம் உடைந்து போகிறான். ஷெவெக்கின் ஆய்வைப் பொறாமை பிடித்த மூத்தவர் ஒருவர் முடக்குகிறார். லெ குவின் எதையும் மறைக்கவில்லை. இளம் வயதில் ஷெவெக் பார்த்த ஒரு விபத்தைச் சொல்கிறான்: உடலெல்லாம் வெந்த ஒருவர் இரண்டு மணி நேரம் உயிரோடிருந்தார்; தொடக்கூட முடியவில்லை; செய்வதற்கு ஒன்றுமில்லை, கூட இருப்பதைத் தவிர. தோழமை அங்கே தொடங்குகிறது என்கிறான். துயரத்துக்கு இதைவிட உயர்ந்த மரியாதையை எந்தப் பேரிருள் நாவலும் செய்ததில்லை. ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் நிற்கும் இன்ப நகரத்தைக் காட்டும் ஓமெலாஸ் கதையை மட்டும் படித்துவிட்டு லெ குவினைத் தங்கள் பக்கம் இழுப்பவர்கள் அடுத்த ஆண்டே அவர் எழுதிய இந்நூலையும் படிக்க வேண்டும்.

தமிழில் இன்று எழுதப்படும் எதிர்காலக் கதைகளில் கண்காணிப்புக் கேமராவும் தண்ணீர்ப் போரும் நிறையவே வருகின்றன. எச்சரிக்கை தேவைதான், ஆனால் எச்சரிப்பது எளிது. நம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது கடினமான மற்ற நாவலை. சாதி ஒழிந்த ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரில் ஒரே சுடுகாடு. பாடையைத் தூக்குவது யார், எந்தத் தெரு வழியாகப் போவது என்று வழக்கு இல்லை. பறையடிப்பவர் பிறப்பால் அங்கே நிற்கவில்லை, பயின்று வந்திருக்கிறார். அந்த ஊரிலும் ஒரு கிழவி சாவாள், ஒரு காதல் முறியும், ஒருவனுக்குத் தன் வாழ்க்கை வீணாயிற்று என்று தோன்றும். அவமானமும் பசியும் கலக்காத அந்த அழுகை எப்படியிருக்கும், அதை எந்த மொழியில் ஒப்பாரி வைப்பார்கள் என்று எழுதிக் காட்டட்டும்.