பட்டம்மாளும் பிருந்தாவும்

கர்நாடக இசையில் பெண் குரலுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி ஒருவரே போதும் என்று நிறுத்திக்கொள்பவர்கள் இழப்பது அதிகம். ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், கணக்கு நிறைந்த பல்லவிகளை மேடையில் அசராமல் பாடியவர் டி.கே. பட்டம்மாள். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வித்வான்கள் தயங்கிய நாளில் பாலக்காடு மணி ஐயர் அவருக்கு மிருதங்கம் வாசித்தார். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா பாடிய க்ஷேத்ரக்ஞர் பதங்களோ வேறோர் உலகம். அவற்றின் மெதுவான விளம்ப காலத்தில் ஒவ்வொரு கமகமும் அவசரமின்றி முழுமை பெறுகிறது. பாடகர் ராம்நாட் கிருஷ்ணனே பிருந்தாவிடம் பாடம் கேட்டார். என்னைக் கேட்டால், பதம் என்றாலே முதலில் பிருந்தாதான்.

இசைக்கு ஆண் பெண் பேதமில்லை, நல்லதைக் காது தானே கண்டுகொள்ளும் என்பார்கள். பேதம் இசையில் இல்லை, உண்மைதான். ஆனால் காது, கிடைத்ததைத்தான் பழகிக்கொள்கிறது. கிடைப்பதைத் தீர்மானித்தவை மேடைகளும் சபாக்களும். 1942இல் தோன்றிய சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1968 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகளும் தகுதியான பெண்கள் இல்லை என்று பிருந்தாவைக் கேட்ட எவரும் சொல்லமாட்டார்கள். ஆகவே பெண் கலைஞர்களைத் தேடிக் கேட்பது சலுகை ஆகாது, விடுபட்டதை மீட்பது. பாட்டோடு நிற்கவும் வேண்டாம்: ஏ. கன்யாகுமரியின் வயலினைத் தனிக் கச்சேரியாகவே கேட்கலாம்.