எட்டு கோல் வாங்கிய பிறகும்

2014 அக்டோபர் 18. சவுத்தாம்ப்டன் மைதானத்தில் ஆட்டம் தொடங்கி 12ஆவது நிமிடம். சண்டர்லேண்ட் அணியின் தடுப்பாட்டக்காரர் சாண்டியாகோ வெர்ஜினி, ஆபத்தைத் தவிர்க்க நினைத்துப் பந்தை ஓங்கி உதைத்தார். அது அவர் அணியின் கோல்கீப்பரையே தாண்டி வலைக்குள் போய் விழுந்தது. நம் ஊர்த் திடல் பாஷையில் சேம் சைடு கோல். அன்றைக்கு அப்படி இரண்டு. மொத்தம் எட்டு. சண்டர்லேண்ட் போட்டது பூஜ்யம்.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து தென்கோடி வரை, ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து இதைப் பார்த்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். வெட்கப்பட்ட வீரர்கள், அவர்களுடைய டிக்கெட் காசைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் ரசிகரை வாடிக்கையாளராகப் பார்க்கும் கணக்கு அது. சரக்கு சரியில்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போவார். இவர்களுக்கு வேறு கடையே கிடையாது.

காரணம் ஊரில் இருக்கிறது. சண்டர்லேண்ட் கப்பலும் நிலக்கரியும் சோறு போட்ட ஊர். கப்பல் கட்டும் தளங்கள் 1980களோடு முடிந்துபோயின. மங்க்வேர்மவுத் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் 1997இல் ஸ்டேடியம் ஆஃப் லைட் எழுந்தது. வாசலில் சுரங்கத் தொழிலாளியின் டேவி விளக்கு சிலையாக நிற்கிறது. தாத்தா இறங்கிய குழிக்கு மேல் பேரன் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான். ஊருக்கென்று சொல்லிக்கொள்ள மிஞ்சியவற்றில் அணியும் ஒன்று என்றான பிறகு, அது தோற்கிறது என்பதற்காக யார் கைவிடுவார்கள்?

2017இல் பிரீமியர் லீக்கில் கடைசி இடம். 2018இல் இரண்டாம் பிரிவிலும் கடைசி இடம். அடுத்தடுத்து இரண்டு படி சறுக்கி, அணி மூன்றாம் பிரிவில் போய் விழுந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பிராட்ஃபோர்டுடன் நடந்த மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 46,039 பேர்.

இந்த விசுவாசத்தின் முதல் பலன் ஆட்டத்துக்கே கிடைக்கிறது. இருபது அணிகள் ஆடும் லீக்கில் கோப்பை ஒன்றுதான். தோற்கும் அணிக்குக் கூட்டம் இல்லையென்றால், ஜெயிக்கும் அணிக்கு எதிரே நிற்க ஆளில்லாமல் போகும். இரண்டாவது பலன் மனிதருக்கு. பக்கத்து இருக்கையில் இருபது வருடமாக உட்காரும் ஆளின் வீடு தெரியாது; ஆனால் அவர் ஒரு வாரம் வராவிட்டால் மனசு தேடும். தோல்வி இந்த உறவை இறுக்கத்தான் செய்கிறது. வெற்றியைக் கொண்டாட யாரும் வந்துவிடுவார்கள். எட்டு கோலைச் சேர்ந்து வாங்கியவர்கள் ஒருவரையொருவர் மறப்பதில்லை.

குறையும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. 2018 கோடையில், வெயிலில் வெளிறிப் போயிருந்த சிவப்பு இருக்கைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்த ரசிகர்களே திரண்டு வந்தார்கள். கூலி கிடையாது. கோயில் திருப்பணி மாதிரி செய்தார்கள் என்று நெகிழலாம். நெகிழ்ந்த பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த இருக்கைகள் யாருடையவை? கிளப் ஒரு தனியார் சொத்து. பராமரிக்காமல் விட்டது நிர்வாகம். உழைப்பு ரசிகருடையது.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு சாவி தந்தார். ஒரு நிறுவனம் கெட்டுப்போனால் அதைச் சேர்ந்தவருக்கு இரண்டு வழிகள்: விலகிப் போவது, குரல் எழுப்புவது. விசுவாசம் விலகலைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு இடம் தருகிறது. அது அதன் சிறப்பு. ஆனால் ‘இவர் போகவே மாட்டார்’ என்று தெரிந்துவிட்டால் அந்தக் குரலை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எட்டு கோல் வாங்கினாலும் சீசன் டிக்கெட் விற்கும் என்றால், ஒன்பதாவதைத் தடுக்க முதலாளிக்கு என்ன அவசரம்?

விசுவாசம் உரிமையாக முறுக்கிக்கொள்வதும் உண்டு. 2021 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷால்கே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்குவது உறுதியான இரவில், ஊர் திரும்பிய வீரர்களைச் சொந்த ரசிகர்களே முட்டை எறிந்து, துரத்தி அடித்தார்கள். ‘இத்தனை வருடம் உனக்காக வந்தேனே’ என்ற கணக்கு, வசூலிக்கக் கிளம்பும் இடம் அது.

அப்படியானால் தோற்கும்போது விட்டுப் போவதுதான் புத்திசாலித்தனமா? இல்லை. குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவையைவிட, சேற்றோடு கிடக்கும் கொட்டியையும் ஆம்பலையும் உயர்வாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அது சரியும்கூட. ஆனால் குளம் வெயிலில் வற்றுவது வேறு. கரைக்காரனே நீரை இறைத்துக்கொண்டு போவது வேறு. தோல்விக்கு உடனிருப்பது விசுவாசம். சூறையாடலுக்கும் அதே முகத்தோடு உடனிருந்தால் அது உடந்தை.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்கள் பிளாக்பூல் ரசிகர்கள். 2010-11இல் பிரீமியர் லீக்கில் ஆடிய கிளப் அது. அங்கே வந்த பணத்தை முதலாளிகளான ஆய்ஸ்டன் குடும்பத்தினர் முறையின்றி உருவிக்கொண்டார்கள் என்று 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே ரசிகர்கள் ‘இனி ஒரு பென்னி கிடையாது’ என்று மைதானத்தைப் புறக்கணிக்கத் தொடங்கியிருந்தார்கள். உயிராக நினைத்த அணி உள்ளே ஆட, இவர்கள் வருடக்கணக்கில் வெளியே நின்றார்கள். உள்ளே இருந்து தோல்வியைப் பார்ப்பதைவிட இது கடினம். அடித்தால் குதிக்கவும் முடியாது, வாங்கினால் அழவும் முடியாது.

2019 பிப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்கள் கிளப்பைக் கையில் எடுத்தார்கள். மார்ச் 9ஆம் தேதி சவுத்எண்ட் அணியுடன் ஆட்டம். 15,871 பேர் உள்ளே வந்தார்கள். ஆட்டம் 2-2 என டிராவில் முடிந்தது. வெற்றி இல்லைதான். அதைப் பற்றி அன்றைக்கு யார் கவலைப்பட்டார்கள்?