தொடக்கநிலை முடியும் இடம்

மரம் செதுக்குதலைத் தொழிலாகக் கொண்டோர் ஒருபுறம் இருக்க, ஓய்வு நேரத்தில் உளியெடுத்துப் பூவும் பறவையும் முகமும் செதுக்கி மகிழ்வோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள் பத்தாண்டு பழகியவரும், 'நான் இன்னும் தொடக்கநிலையில்தான் இருக்கிறேன்' என்று சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்கு இஃது அடக்கமாகத் தோன்றும். ஆயினும் அச்சொல் பல வேளைகளில் ஒரு கேடயமாகவும் பயன்படுகிறது. தம்மைத் தொடக்கநிலையர் என்று அறிவித்துக் கொண்டவரின் ஆக்கத்தை எவரும் கடிந்து பேசார். அவரும் அதனைக் கூர்ந்து நோக்க வேண்டிய கடமையினின்று தப்பிவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் தாம் செதுக்கிய மீன்கொத்தி ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். 'தொடக்கநிலைக்கு மிக நன்று' என்றேன். அவர் சற்று நின்று, 'தொடக்கநிலை என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் எப்படி, ஐயா?' என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

தொடக்கநிலை முடிந்ததை அறியப் பொதுவாக மூன்று அளவுகோல்கள் கூறப்படுகின்றன. முதலாவது காலம். கடையில் விற்கும் வடிவம் வெட்டிய மரத்துண்டையும் அச்சுப்படத்தையும் வைத்து ஒரே பறவையை ஒருவர் இருபது ஆண்டுகள் செதுக்கலாம். கை விரைவு பெற்றிருக்கும். அப்படத்தை எடுத்துவிட்டாலோ, எங்கே தொடங்குவது என்று அறியாது அவர் உளி நின்றுவிடும். இரண்டாவது, பரிசும் விற்பனையும். இவை பார்ப்பவரின் மகிழ்ச்சியை அளக்குமேயன்றிச் செய்தவரின் அறிவை அளவா.

மூன்றாவது அளவுகோல் சற்று நுட்பமானது. உளி பட்ட பரப்பே இறுதிப் பரப்பாக விளங்க வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் தம் குறையை மறைக்கும் தொடக்கநிலையர் என்பர் சிலர். இதனை ஆராய ஒரு நூலைத் துணைக்கொள்வோம். டேவிட் எஸ்டர்லி என்னும் அமெரிக்கர் 2012-இல் எழுதிய 'தி லாஸ்ட் கார்விங்' என்பது அந்நூல்.

எஸ்டர்லி 1944-இல் பிறந்தவர், 2019-இல் மறைந்தவர். அவர் தச்சர் மரபில் வந்தவரல்லர். ஹார்வர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற இலக்கிய மாணவர். கவிஞர் யேட்ஸையும் பண்டைய தத்துவஞானி புளோட்டினஸையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1970களில் இலண்டன் பிக்காடிலியிலுள்ள தூய ஜேம்ஸ் தேவாலயத்தில் கிரின்லிங் கிப்பன்ஸின் மரச்செதுக்கலைக் கண்டார். கிப்பன்ஸ் 1648-இல் பிறந்து 1721-இல் மறைந்த பெருங்கலைஞர். அவர் கையாண்டது லிண்டன் மரம். ஆங்கிலேயர் அதனை 'லைம்' என்பர். எலுமிச்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மென்மையும் சீரான நாரும் உடைய அம்மரத்தில், இதழ்கள் பின்பரப்பினின்று விலகித் தனித்து நிற்குமாறு அடிப்புறம் குடைந்து செதுக்கினார் அவர். அக்கலைஞரைப் பற்றி எழுத எண்ணிய எஸ்டர்லி, எழுதுவதற்கு உதவும் என்று உளியைக் கையிலெடுத்தார். எடுத்தவர் பின்னர் அதனைக் கீழே வைக்கவில்லை. ஆசிரியரின்றித் தாமே பயின்றார்.

1986-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நேர்ந்த தீயில் கிப்பன்ஸின் செதுக்கல் ஒன்று அழிந்தது. அதற்கு ஈடாக மற்றொன்றைச் செதுக்கும் பணி எஸ்டர்லியிடம் வந்தது. அப்பணியில் கழிந்த ஓராண்டே நூலின் மையம். கிப்பன்ஸின் செதுக்கல்களை அணுகி ஆராய்ந்தபோது, அவற்றின் பரப்பில் தேய்த்த கீறல்களைக் கண்டார் எஸ்டர்லி. இன்றைய உப்புத்தாள் இல்லாத அக்காலத்தில், சொரசொரப்பான ஒருவகைச் செடியின் தண்டு கொண்டு கிப்பன்ஸ் தேய்த்திருக்க வேண்டும் என்று கண்டறிந்தார். தேய்த்தல் தொடக்கநிலையின் அடையாளமாயின் கிப்பன்ஸும் தொடக்கநிலையரே ஆவார்! மூன்றாம் அளவுகோலும் முறிந்தது.

இந்நூலைப் படிப்போர், அரண்மனைப் பணி கிடைத்த நாளே எஸ்டர்லி தொடக்கநிலையைக் கடந்த நாள் என்று கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது. பணி கிட்டியது அவர் முன்பே பெற்றிருந்த திறத்தினால். மேலும் அப்பணியில் அவர் செய்தது பிறர் ஆக்கத்தைப் படியெடுத்தல். அச்சுப்படம் பார்த்துச் செதுக்கும் புதியவர் செய்வதும் படியெடுத்தலே. எனவே சொந்தக் கற்பனை உண்டா இல்லையா என்பதும் எல்லைக்கோடாகாது. புதியவர் படத்தின் கோட்டைப் பின்பற்றுகிறார். எஸ்டர்லியோ அக்கோடு ஏன் அங்கே வளைகிறது, எந்த உளி அதனை ஈன்றிருக்கும் என்று வினவிச் செல்கிறார். வேறுபாடு இவ்வினவுதலில் உள்ளது.

அவ்வாறாயின் உண்மையான அளவுகோல் யாது? தன் பிழையைத் தானே கண்டு, அதன் காரணத்தையும் தானே அறியும் நிலையே அது என்பது என் முடிவு. பட்டறையிலிருந்து சில சான்றுகள் காண்போம்.

செதுக்கிய பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது. புதியவர் மரத்தைப் பழிப்பார். சற்றுக் கடந்தவர் பரப்பைப் படிப்பார். நார் பெயர்ந்து சிம்புகள் எழுந்திருப்பின், நாரின் ஓட்டத்துக்கு எதிராக வெட்டியதே காரணம். திசையை மாற்ற வேண்டும். மெல்லிய வெண்கோடு வெட்டுத்தோறும் தொடர்ந்து வந்தால் உளியின் வாயில் சிறு பல் விழுந்துள்ளது. சாணை பிடிக்க வேண்டும். நார் நசுங்கி ஒளியிழந்திருந்தால் வாய் மழுங்கிவிட்டது. மூன்று பிழைக்கும் மூன்று காரணம். இவற்றைப் பிரித்தறிபவருக்குப் பக்கத்தில் ஆசான் வேண்டுவதில்லை.

வடிவமும் அவ்வாறே. புதியவர் முகம் செதுக்கப் புகுந்தால் கண்ணிமையில் தொடங்குவார். முகமோ பலகைபோல் தட்டையாக இருக்கும். ஆழமாக வெட்ட அஞ்சும் கை, நுணுக்க வேலையில் புகலிடம் தேடுகிறது. பெருவடிவம் அமையாத இடத்தில் எத்துணை அழகிய இமையும் பயன்தராது. இதனைப் பிறர் சொல்லாமல், மரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துத் தாமே உணர்பவர் வாயிலைக் கடந்துவிட்டார்.

அவர் ஆக்கத்தில் குறையிராது என்பது இதன் பொருளன்று. இமை கோணலாகலாம், இதழ் முறியலாம். முறிந்ததை ஒட்டுவதா, வடிவத்தைச் சற்று மாற்றுவதா, கைவிடுவதா என்பதை அவர் காரணத்தோடு முடிவு செய்வார். ஆதலால் தொடக்கநிலை முடிந்தது என்று கூறுவது புகழ்மொழி அன்று. பொறுப்பு கைமாறியது என்னும் அறிவிப்பு. இனிப் பிழைகளுக்கு அவரே விடை கூற வேண்டும். எஞ்சிய வாழ்நாளெல்லாம் கற்பதற்கும் இஃது இடையூறன்று. கற்பவர் அனைவரும் தொடக்கநிலையர் அல்லர்.

திறனாய்வாளரும் ஆசிரியரும் இங்கே தம் கடமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'புதியவர்', 'வளர்பவர்' என்று நாம் அன்போடு சூட்டும் பெயர்கள், உரிய காலத்தில் நீக்கப்படாவிடின், வளர்ச்சியையே தடுக்கும். செதுக்கலாயினும் கவிதையாயினும், பாராட்டை மட்டும் பெற்றவர் பிழை காணும் கண்ணைப் பெறுவது அரிது. கடிந்துரை மட்டும் பெற்றவரோ உளியையே கீழே வைத்துவிடுவார். 'இதில் பிழை எங்கே என்று நீ கருதுகிறாய்?' என்னும் ஒரு வினா இவ்விரண்டினும் மேலான உதவி.

அந்த மீன்கொத்தியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். விடையின்றி நான் நின்றபோது அம்மாணவரே பேசினார்: 'அலகை முதலில் செதுக்கி முடித்துவிட்டேன், ஐயா. பிறகு தலைக்கு மரம் போதவில்லை. கழுத்து ஒடுங்கியது அதனால்தான்.' அன்று அதனைக் கேட்டுத் தலையசைத்து விடைகொடுத்தேன். அவர் அப்போதே தொடக்கநிலையைக் கடந்துவிட்டார் என்பதை அறியாது நின்றவன் நானே.