கடுகண்ணாவையில் கண்ணயராதீர்கள்

கண்டிக்கு வருகிற எவரிடமும் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: மாவனெல்லை தாண்டியபின் தூங்கிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து கண்டிவரை 115 கிலோமீற்றர் ஓடும் ஏ1 வீதியின் உயிர் அதன்பின் வரும் கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் இருக்கிறது. இலங்கையில் இதைவிட அழகான பாதை இல்லை என்று எவரோடும் வாதாடத் தயார்.

கடவத்தை, நிட்டம்புவ என்று முதற்பாதி முழுக்கக் கடைகளும் நெரிசலும்தான். பஸ்யாலைப் பக்கம் கஜுகமவில் வறுத்த கஜுவும் வரக்காப்பொலையில் எள்ளுருண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். கேகாலை கழிந்ததும் உத்துவன்கந்தை தெரியும். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று இன்றும் ஊர் கொண்டாடும் சரதியல் பதுங்கிய மலை அது. 1864இல் அவனையும் அவன் தோழன் மம்மாலே மரைக்காரையும் கண்டியில் ஒன்றாகவே தூக்கிலிட்டார்கள். அடுத்து மாவனெல்லையில் மகா ஓயாவுக்கு மேலே 1833இல் கட்டிய செங்கல் பாலம். இத்தனை லொறியும் பஸ்ஸும் இன்னமும் அதன்மீதுதான் போகின்றன!

பிறகு ஏற்றம். பஸ் முனகத் தொடங்கும், காற்று குளிரும், ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுவதும் சட்டென்று விரியும். அதற்கப்பால் பத்தலேகலை, மேசைபோல் தட்டையான தலையோடு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இந்த மலையும் காடும்தான் கண்டி அரசின் கோட்டை. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படை அழிந்தது. 1803இல் ஆங்கிலேயர் படைக்கும் கண்டியில் அதே கதி. 1815இல் அரசைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1818இன் கிளர்ச்சியில் நடுங்கிப் போனார்கள். பீரங்கி ஏற ஒரு பாதை இல்லாமல் கண்டியை வைத்திருக்க முடியாது என்று தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் இந்த வேலையைத் தொடங்கினார். தோமஸ் ஸ்கின்னர் என்ற பதினாறு வயதுப் பையனிடம் ஒரு பகுதியை ஒப்படைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? பிற்காலத்தில் தீவின் வீதிகளில் பெரும்பகுதி அவர் கைபட்டவை.

கடுகண்ணாவையில் பாறையையே குடைந்து வழி எடுத்தார்கள். மலை துளைபட்டால்தான் அந்நியன் ஆள்வான் என்றொரு நம்பிக்கை கண்டியரிடம் இருந்ததாம். இன்றைய வீதி அந்தத் துளைக்கு அருகால் போகிறது. இறங்கி, ஒருதரம் உள்ளே நடந்து பாருங்கள். உளித்தடத்தைத் தடவும்போது, இராஜகாரிய முறையில் கூலியின்றி இழுத்துவரப்பட்டுக் கல்லுடைத்தவர்களை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. பாதையமைத்த பொறியியலாளர் டோசனுக்கு உச்சியில் 1832இல் எழுப்பிய வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. கல்லுடைத்த அவர்களுக்கும் அங்கே ஒரு கல் நட வேண்டும்.

அதே 1832இல் குதிரைத் தபால்வண்டி இந்த வழியே ஓடத் தொடங்கியது. மலைநாட்டுக் கோப்பி இறங்கியதும் இந்தப் பாதையால்தான். 1867இல் ரயில் கண்டிக்கு வரும்வரை மாட்டுவண்டிகளின் இராச்சியம். பேராதனையில் ஆணி ஒன்றுகூட இல்லாமல் முதிரை மரத்தில் 205 அடிக்கு ஒரே வளைவாகப் பாலம் போட்டிருந்தார்கள். 1905இல் அதைக் கழற்றிவிட்டார்கள் என்பது எனக்குத் தீராத மனக்குறை.

பேராதனைப் பூங்காவைத் தாண்டினால் கண்டி. அங்கிருந்து ஏ9 மாத்தளை வழியாக வடக்கே கிளம்புகிறது. யாழ்ப்பாணத்தார் அதையும் கண்டி வீதி என்றுதான் சொல்வார்கள். நேரமிருந்தால் அதிலும் ஏறிவிடுங்கள்.